கோலாவுக்கும் வொம்பேட்டுக்கும் என்ன உறவு? - மாமிசம் தின்ற 'சிங்கம்' முதல் 2.7 டன் ராட்சதன் வரை ஒரு குடும்பக் கதை

2025 மார்ச் மாதம் வைரலான அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஆஸ்திரேலியாவுக்குப் போன அமெரிக்க இன்ஃப்ளூயன்ஸர் ஒருவர், இரவில் சாலையோரம் நின்ற வொம்பேட் குட்டியைத் தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடிவருவார். குட்டி கத்தும். தாய் பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் குட்டியை இறக்கிவிட்டாலும், ஆஸ்திரேலியா கொதித்துப்போனது. பிரதமர் அந்தோணி அல்பனீஸே வாயைத் திறந்தார். திருப்பித் தாக்கத் தெரிந்த பிராணியிடம், ஒரு முதலைக் குட்டியிடம் இந்த வேலையைக் காட்டிப் பார்க்கட்டும் என்ற பொருளில் பேசினார். விசா மறுபரிசீலனை என்ற பேச்சு எழுந்ததும் அந்தப் பெண் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தக் களேபரத்தில் யாரும் நின்று கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அது என்ன பிராணி? பார்த்தால் கரடிக் குட்டி மாதிரி இருக்கிறது. உடம்பு பன்றி மாதிரி. முன்பல் அப்படியே எலி. குட்டைக் கால், பீப்பாய் வயிறு, வால் இருக்க வேண்டிய இடத்தில் பெயருக்கு ஒரு துண்டு.

ஐரோப்பியர்களுக்கும் முதலில் இதே குழப்பம்தான். 1797-ல் கொல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கு ஏற்றிப் போன 'சிட்னி கோவ்' என்ற கப்பல், டாஸ்மேனியாவுக்கு வடக்கே உள்ள தீவுக் கூட்டத்தில் சிக்கிச் சிதைந்தது. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் லாஸ்கர்கள் எனப்பட்ட இந்தியர்கள். அந்த விபத்தையொட்டி அந்தத் தீவுகளுக்குப் போய்வந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், அங்கிருந்து ஒரு வொம்பேட்டைப் பிடித்து சிட்னிக்குக் கொண்டுவந்தார். கவர்னர் ஜான் ஹண்டர் 1798-ல் ஒரு வொம்பேட் உடலைச் சாராயத்தில் ஊறவைத்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். 1800-ல் ஜார்ஜ் ஷா அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'கரடி போன்றது' என்று பொருள்படும் 'உர்சினா'வைச் சேர்த்தார். இன்றைக்கும் சாதாரண வொம்பேட்டின் பெயர் 'வொம்பேட்டஸ் உர்சைனஸ்'தான். கோலாவின் கதையும் அதே. 'பாஸ்கோலார்க்டோஸ்' என்றால் 'பை வைத்த கரடி'. நாமும் 'கோலா கரடி' என்றே பழகிவிட்டோம்.

பெயர் குழப்பத்தில் நம் பக்கத்துப் பங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 'பேண்டிகூட்' என்று ஒரு பிராணி உண்டு. அந்தச் சொல் தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. நம்மூர் பெருச்சாளிக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருந்த பெயரை, கடல் தாண்டிப் போய் வேறொரு பிராணிக்குச் சூட்டிவிட்டார்கள். பெருச்சாளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, கரடியும் இல்லை எலியும் இல்லை என்றால் இவை யார்?

மொச்சைக்கொட்டை அளவில் பிறக்கும் குட்டி

கோலா, வொம்பேட், கங்காரு எல்லாமே பைப்பாலூட்டிகள். மார்சூபியல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். குட்டி, கருப்பையில் இருக்கும் காலம் ரொம்பக் குறைவு. கோலாவுக்கு சுமார் 35 நாள். பிறக்கும்போது குட்டி மொச்சைக்கொட்டை அளவுதான். கண் திறந்திருக்காது, முடி இருக்காது, எடை ஒரு கிராம்கூடத் தேறாது. அந்த நிலையில் அது தானே ஊர்ந்துபோய்த் தாயின் பைக்குள் நுழைந்து காம்பைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு சுமார் ஆறு மாதம் பைதான் வீடு.

பைப்பாலூட்டிகளின் மூதாதைகள், தென் அமெரிக்கா, அன்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்த காலத்தில் அந்த வழியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவை. அந்தப் பழைய பெருங்கண்டத்துக்கு 'கோண்ட்வானா' என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து எடுத்த பெயர் அது. பிறகு ஆஸ்திரேலியா தனியாகப் பிரிந்து வடக்கே நகர, உள்ளே மாட்டிக்கொண்ட பிராணிகள் வெளியாள் தொந்தரவு இல்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கள் இஷ்டத்துக்குப் பரிணமித்தன.

அவற்றில் ஒரு பெரிய வரிசை 'டைப்ரோட்டோடான்ஷியா'. 'முன்னால் இரண்டு பல்' என்று அர்த்தம். கீழ்த்தாடையில் இரண்டு பெரிய வெட்டுப்பற்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னங்காலின் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒட்டிப்பிறந்து, நகம் மட்டும் தனித்தனியாக நிற்கும். முடியைக் கோதிக்கொள்ள அதுதான் சீப்பு. கங்காரு, பாசம், கோலா, வொம்பேட் எல்லாருக்கும் இந்த இரண்டு அடையாளமும் உண்டு.

இந்த வரிசைக்குள் முதல் பெரிய பிரிவு எங்கே நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம். கோலா மரத்தில் வாழ்கிறது, பாசமும் மரத்தில் வாழ்கிறது, இலை அரைக்கும் பற்களும் பார்க்க ஒரே மாதிரி. அதனால் கோலாவைப் பாசம்களோடு சேர்த்து வைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் உண்மை வேறு பக்கம் இருந்தது. கங்காருவும் பாசம்களும் ஒரு கிளை. கோலாவும் வொம்பேட்டும் இன்னொரு கிளை. இந்த இரண்டாவது கிளைக்கு 'வொம்பாட்டிஃபார்ம்ஸ்' என்று பெயர். ஆக, யூகலிப்டஸ் உச்சியில் தூங்கும் கோலாவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம், மண்ணுக்கு அடியில் வளை தோண்டித் தூங்கும் வொம்பேட்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதல் தடயம் பை. கங்காருவின் பை மேலே திறக்கும். வொம்பேட்டின் பை பின்பக்கம் திறக்கும். காரணம் எளிது. முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் பின்னால் தள்ளும் பிராணிக்கு, முன்பக்கம் திறந்த பை இருந்தால் குட்டி மண்ணில் புதைந்துபோகும். சரி, மரமேறும் கோலாவுக்கு? அதற்கும் பை கீழ்நோக்கித்தான் திறக்கிறது! மரத்தில் செங்குத்தாக ஏறும் தாய்க்கு இதைவிட வசதியில்லாத அமைப்பு இருக்க முடியாது. வாய்ப்பகுதியை இறுக்கிச் சுருக்கும் வலுவான தசையை வைத்துத்தான் குட்டி விழாமல் கோலா சமாளிக்கிறது. கோலாவின் முன்னோர் தரையில் மண் பறித்தவர்கள் என்பதற்கு இது சாட்சி என்று பலர் சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பேண்டிகூட்டுக்கும் பை பின்பக்கம்தான் திறக்கிறது.

அதனால் வேறு தடயங்களும் தேவைப்பட்டன. இரண்டுக்கும் வால் தேய்ந்துபோயிருக்கிறது. இரண்டின் இரைப்பையிலும் ஒரே மாதிரியான தனிச் சுரப்பித் திட்டு ஒன்று உண்டு. விந்தணுவின் தலை இரண்டிலும் கொக்கி போல வளைந்திருக்கும். 1960, 70-களில் ஜான் கிர்ஷ் என்ற ஆய்வாளர், பைப்பாலூட்டிகளின் ரத்தப் புரதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். அதிலும் கோலாவும் வொம்பேட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகள் விஷயத்தை முடித்துவைத்தன.

ஆனால் நெருங்கிய சொந்தம் என்றதும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் பிரிந்து ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தது வெறும் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இவை 'நெருக்கமாக'த் தெரிவதற்குக் காரணம், நடுவில் இருந்தவை எல்லாம் அழிந்துபோனது. கோலாக் குடும்பத்தில் இன்று மிச்சம் ஒரே ஒரு இனம். வொம்பேட் குடும்பத்தில் மூன்று. அந்தக் கிளையில் இருந்த மற்றக் குடும்பங்கள் எல்லாம் காலி.

அந்தக் காலியானவர்கள் யார் என்று பார்த்தால்தான் தலை சுற்றுகிறது.

ஏரிக் களிமண்ணில் கிடந்த 'பெரிய எலும்பு'

தெற்கு ஆஸ்திரேலியாவில் பின்பா என்று ஒரு உப்பு ஏரி உண்டு. 1973-ல் ரிச்சர்ட் டெட்ஃபோர்ட் தலைமையில் போன குழுவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வழக்கமாக மணல் மூடிக் கிடக்கும் ஏரிப் படுகையில், அந்த ஆண்டு பழைய களிமண் அடுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்று அமெரிக்காவுக்குப் போய், அருங்காட்சியக இருப்பில் பத்து, இருபது ஆண்டுகள் அல்ல, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தது. 2020-ல்தான் ராபின் பெக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை முழுதாக ஆராய்ந்து பெயர் வைத்தார்கள். 'முகுபிர்னா'. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டியெரி, மல்யங்காபா மொழிகளில் 'பெரிய எலும்பு' என்று பொருள்.

சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பிராணி அது. எடை 143 முதல் 171 கிலோ வரை இருக்கலாம் என்பது கணிப்பு. இன்றைய வொம்பேட்டைப் போல நான்கைந்து மடங்கு. முன்னங்கால்கள் மண்ணைப் பறிக்கத் தோதானவை, ஆனால் வளை தோண்டி உள்ளே வசித்திருக்காது என்கிறார்கள். பற்கள் வொம்பேட்டின் பற்களைப் போல இல்லவே இல்லை. உடம்பு வொம்பேட்டின் திசையில் போய்க்கொண்டிருக்க, வாய் இன்னும் பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. எந்தக் குடும்பத்திலும் பொருந்தாததால் முகுபிர்னாவுக்கென்றே தனிக் குடும்பம் உருவாக்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் கோலாவின் சொந்தம் எப்படி இருந்தது? மத்திய ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே கிடைத்த சில பற்களை வைத்து 2023-ல் 'லூமாகோலா' என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். எடை இரண்டரை கிலோ அளவுதான். ஒரு பூனையைவிடச் சிறியது. யூகலிப்டஸ் மட்டுமே தின்னும் பிடிவாதம் அப்போது கிடையாது. மென்மையான இலைகள், அவ்வப்போது பூச்சிகள் என்று அதன் சாப்பாடு இருந்திருக்கலாம் என்று பற்கள் சொல்கின்றன. இன்றைக்குப் பாலைவனமாகக் கிடக்கும் அந்த இடம் அன்று காடு.

வொம்பேட் என்று நினைத்த ராட்சதன்

இந்தக் கிளையின் சூப்பர் ஸ்டார் 'டைப்ரோட்டோடான்'. வரிசைக்கே பெயர் கொடுத்த ஆள். 1830-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வெல்லிங்டன் குகைகளில் கிடைத்த எலும்புகள் லண்டனுக்குப் போயின. அவற்றை ஆராய்ந்து 1838-ல் பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் ஓவன். பின்னாளில் 'டைனோசர்' என்ற சொல்லை உருவாக்கினாரே, அவரேதான். ஆஸ்திரேலியாவில் கிடைத்த புதைபடிவப் பாலூட்டிகளில் முதலில் அறிவியல் பெயர் பெற்றவற்றில் இதுவும் ஒன்று.

எவ்வளவு பெரியது? சுமார் 2.7 டன். தோள் வரை ஒரு ஆள் உயரம், நீளம் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய ஒரு பெண் ஆசிய யானையின் எடை. பூமியில் இதுவரை வாழ்ந்த பைப்பாலூட்டிகளில் இதைவிடப் பெரியது தெரியவில்லை. இதை 'ராட்சத வொம்பேட்' என்று எழுதுவது இணையத்தில் வழக்கமாகிவிட்டது. அது தவறு. டைப்ரோட்டோடான் தனிக் குடும்பம், வொம்பேட்டுக்குப் பெரியப்பா முறை வேண்டுமானால் சொல்லலாம். உண்மையான ராட்சத வொம்பேட்களும் இருந்தன. 200 கிலோவைத் தாண்டிய 'பாஸ்கோலோனஸ்' அவற்றில் ஒன்று.

ஒரு காலத்தில் டைப்ரோட்டோடானில் எட்டு இனங்கள் வரை பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். பெரிய பல் ஒரு இனம், சின்ன பல் இன்னொரு இனம் என்று. 2008-ல் கில்பர்ட் பிரைஸ் என்ற ஆய்வாளர் ஆயிரத்துக்கு நெருங்கிய பற்களை அளந்து பார்த்துவிட்டு, இருந்தது ஒரே இனம்தான் என்றார். பெரியவை ஆண், சிறியவை பெண். அவ்வளவுதான் விஷயம். அதே பிரைஸ் குழு 2017-ல் இன்னொன்றையும் சொன்னது. பல்லில் படிந்திருக்கும் ஸ்ட்ரான்ஷியம் தனிமத்தின் வகை, அந்தப் பிராணி எந்த மண்ணில் விளைந்த செடியைத் தின்றது என்று காட்டிக்கொடுக்கும். ஒரே பல்லில் அடியிலிருந்து நுனிவரை அளந்தபோது, அது ஆண்டுதோறும் சுமார் 200 கிலோமீட்டர் போய்த் திரும்பியது தெரியவந்தது. ஆப்பிரிக்காவில் வில்டபீஸ்ட் கூட்டங்கள் போகுமே, அந்த மாதிரிப் பருவகால இடப்பெயர்ச்சி. இன்று உயிரோடு இருக்கும் எந்தப் பைப்பாலூட்டியும் இப்படிச் செய்வதில்லை.

பலோர்செஸ்டெஸ் என்று ஒன்று. ஓவனிடம் கிடைத்தது மண்டையோட்டின் ஒரு துண்டு மட்டும். ராட்சதக் கங்காரு என்று நினைத்து 'பழங்காலத்துத் தாவும் பிராணி' என்று பொருள்வரப் பெயர் வைத்துவிட்டார். 1950-களில்தான் அது கங்காருவே இல்லை, வொம்பேட் பக்கத்துச் சொந்தம் என்று புரிந்தது. ஒரு டன்னுக்கும் மேல் எடை, முழங்கையை மடக்கவோ நீட்டவோ முடியாமல் ஒரே கோணத்தில் நிற்கும் முன்னங்கை, கத்தி போல நகங்கள். தாவுவதாவது!

மரம் ஏறிய 'நிம்படான்' எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. டைப்ரோட்டோடானின் குடும்பம்தான், ஆனால் 70 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, கோலா மாதிரி மரத்தில் வாழ்ந்தது. குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லீ பகுதியில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குகைக்குள் தாய், குட்டி என்று பல வயதுகளில் இதன் எலும்புகள் குவிந்து கிடந்தன. காட்டுக்குள் மறைந்திருந்த குழியில் மேலேயிருந்து விழுந்தவை.

கோரைப்பல் இல்லாத சிங்கம்

இனி வருவது இந்தக் குடும்பத்தின் வில்லன். 1859-ல் ஓவன் இன்னொரு மண்டையோட்டை விவரித்தார். 'தைலகோலியோ கார்னிஃபெக்ஸ்'. பை வைத்த சிங்கம், அதுவும் கொலைகாரச் சிங்கம் என்று பொருள். ஓவனுக்குச் சந்தேகமே இல்லை, இது கொடிய வேட்டைப் பிராணி.

சிட்னியில் இருந்த ஆஸ்திரேலியன் மியூசியத்தின் பொறுப்பாளர் ஜெரார்ட் கிரெஃப்ட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. இந்தப் பிராணிக்குக் கோரைப்பல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. புலி, சிங்கம், நரி எதை எடுத்தாலும் கோரைப்பல்தானே ஆயுதம்? இதன் தாடையில் முன்னால் இரண்டு வெட்டுப்பற்கள் நீட்டிக்கொண்டிருந்தன, அக்மார்க் தாவர உண்ணிகளின் பல்வரிசை. சொந்தக்காரர்கள் எல்லாம் இலை தின்னும்போது இது மட்டும் எப்படி இறைச்சி தின்னும்?

பதில், அந்தச் சொந்தத்திலேயே இருந்தது. இந்த வரிசையின் மூதாதைகள் இலை, பழம் என்று மாறியபோதே கோரைப்பல்லைத் தொலைத்துவிட்டன. பின்னாளில் ஒரு கிளை மறுபடி மாமிசத்துக்குத் திரும்பியபோது, தொலைந்த பல்லைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. பரிணாமத்துக்குப் பின்னோக்கிப் போய் பழைய பொருளை எடுத்துவரும் வழக்கம் அநேகமாகக் கிடையாது, கையில் இருப்பதை வைத்துத்தான் வேலை பார்க்கும். எனவே முன்னால் நீட்டியிருந்த வெட்டுப்பற்களே குத்தும் கோரைப்பற்களாகக் கூர்மையாயின. முன்கடைவாய்ப் பல் நீண்டு, அரிவாள்மனை மாதிரி வெட்டும் தகடானது. இலை அரைத்த கடைவாய்ப் பற்கள் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயின. எந்தப் பிராணியிடமும் இல்லாத ஒரு பல் செட்.

கடி எப்படி இருந்திருக்கும்? 2005-ல் ஸ்டீபன் ரோ உள்ளிட்டோர், பல வேட்டைப் பாலூட்டிகளின் மண்டையோட்டை வைத்து உடல் எடைக்கு ஏற்பக் கடியின் பலத்தைக் கணக்கிட்டார்கள். ஒப்பிட்ட பாலூட்டிகளில் தைலகோலியோதான் உச்சத்தில் நின்றது. சுமார் 100 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமான ஆப்பிரிக்கச் சிங்கத்தின் கடிக்கு இணையான பலம். கூடவே, கட்டை விரலில் உள்ளிழுத்துக்கொள்ளும் பெரிய வளைந்த நகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் டைட் என்ட்ரன்ஸ் குகைச் சுவர்களில் காணப்படும் கீறல்கள், இது ஏறி இறங்கியபோது விட்டுப்போன தடங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2002-ல் நல்லர்பார் சமவெளிக்கு அடியில் உள்ள குகைகளில், செத்த இடத்திலேயே அப்படியே படுத்திருந்த முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஓவன் பக்கமே ஜெயித்தது.

எல்லாமே இப்படிப் பயங்கரமாக இருந்ததாக எண்ண வேண்டாம். ரிவர்ஸ்லீயிலேயே கிடைத்த 'மைக்ரோலியோ' என்ற ஆதிகாலச் 'சிங்கம்' அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் அதிகம். நம்மூர் அணில்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டியது போல. 2016-ல் பெயர் வைத்தவர்கள், இயற்கை ஆவணப்பட நாயகர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சேர்த்து 'மைக்ரோலியோ அட்டன்பரோய்' என்றார்கள்.

காடு காய்ந்தது

இவர்கள் எல்லாம் வாழ்ந்த ரிவர்ஸ்லீ அன்று மழைக்காடு. இன்று வறண்ட மேய்ச்சல் நிலம். கண்டம் வடக்கே நகர, வானிலை மாற, சில கோடி ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி காய்ந்துகொண்டே போனது. மழைக்காடு ஓரத்துக்கு ஒதுங்க, யூகலிப்டஸும் புல்லும் இடத்தைப் பிடித்தன. அந்த மாற்றத்துக்கு இரண்டு சொந்தங்களும் இரண்டு விதமாகப் பதில் சொன்னன.

வொம்பேட்டின் பதில் பல்லில். புல்லில் மணல்துகள் போன்ற சிலிக்கா இருக்கும், மண்ணும் ஒட்டியிருக்கும். மென்றால் பல் தேயும். ஆதிகால வொம்பேட்டான 'ரைசோபாஸ்கோலோனஸ்' பெயரிலேயே 'வேர்' இருக்கிறது, அதன் பற்களுக்கு நம் பற்களைப் போல வேர் இருந்தது, வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இன்றைய வொம்பேட்டின் பற்களுக்கு வேரே இல்லை. மொத்தம் 24 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேயத் தேய வளரும். எலிக்கும் இதே ஏற்பாடு முன்பல்லில் இருப்பதால்தான் ஆரம்பத்தில் ஆட்கள் ஏமாந்தார்கள்.

(கனசதுரமாகக் கழிவு போடும் பிராணி இதுதானே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். குடலின் சுவர் சில இடங்களில் இறுக்கமாகவும் சில இடங்களில் தளர்வாகவும் இருப்பதால் அந்த வடிவம் வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019-ல் இக் நோபல் கிடைத்தது. அதற்கென்று தனிக் கட்டுரை எழுதலாம்.)

கோலாவின் பதில் கல்லீரலில். யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நார் அதிகம், நச்சு எண்ணெய்கள் ஏராளம். வேறு யாரும் போட்டிக்கு வராத சாப்பாடு. 2018-ல் வெளியான கோலாவின் முழு மரபணு வரைபடம், நச்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதனிடம் வழக்கத்தைவிடப் பெருகியிருப்பதைக் காட்டியது. சத்தில்லாத சாப்பாடு என்பதால் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை அசையாமல் கிடந்து சக்தியைச் சேமிக்கிறது. சோம்பேறி என்று மீம் போடுகிறோம், பட்ஜெட் அப்படி! இலையைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் குட்டிக்குப் பிறக்கும்போது இருக்காது. அதனால் தாய் வெளியேற்றும் கூழ் போன்ற விசேஷக் கழிவைக் குட்டி தின்று, அந்த நுண்ணுயிர்களை வாங்கிக்கொள்ளும்.

பெரியவர்கள் எல்லாம் எங்கே?

சுமார் 40 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு டைப்ரோட்டோடான், தைலகோலியோ, பலோர்செஸ்டெஸ், ராட்சத வொம்பேட்கள் எல்லாம் அடுத்தடுத்து மறைந்துபோயின. ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் காலடி வைத்தது அதற்கு முன்பே, 50 முதல் 65 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியென்றால் பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர்களும் இவையும் ஒரே நிலத்தில் இருந்திருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பாறை ஓவியம் ஒன்றில் இருப்பது தைலகோலியோதான் என்று வாதிடுபவர்கள்கூட உண்டு.

அப்போ மனிதர்கள்தான் காரணமா? வேட்டை என்கிறது ஒரு தரப்பு. நிலத்தைத் தீயிட்டுப் பராமரித்த முறையால் தாவரங்கள் மாறின என்கிறது இன்னொன்று. வறட்சியும் பருவநிலையும்தான் என்கிறது மூன்றாவது. நூறாண்டுக்கும் மேலாக இந்தச் சண்டை ஓயவில்லை. வேட்டைத் தரப்புக்கு இருக்கும் பெரிய சிக்கல், இந்தப் பிராணிகளைக் கொன்று அறுத்ததற்கான நேரடித் தடயம் கையளவுகூட இல்லை என்பது. பருவநிலைத் தரப்புக்கு இருக்கும் சிக்கல், இதே பிராணிகள் அதற்கு முன்பு பல கடும் வறட்சிகளைத் தாண்டி வந்திருக்கின்றன என்பது. மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் பெரிய பிராணிகளுக்கு, கஷ்ட காலத்தில் கொஞ்சம் கூடுதல் வேட்டையே போதும் என்ற நடுவழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் அடுத்த சுற்று யாரால் நடந்தது என்பதில் விவாதமே கிடையாது. 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு கோலா வேட்டைக்கு ஒரு மாதம் அனுமதி கொடுத்தது. தோலுக்காக அந்த ஒரு மாதத்தில் மட்டும் கொல்லப்பட்டவை 5 லட்சத்துக்கும் அதிகம். மக்கள் எதிர்ப்பு அப்போதே பெரிதாக எழுந்தது, செத்தவை செத்தவைதான். அதன் பிறகு காடழிப்பு, சாலை, நாய்கள், கிளமிடியா தொற்று, 2019-20 காட்டுத்தீ. 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கோலாவை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று அறிவித்தார்கள்.

ஒரு எலி இனம் அழிந்தால் அதன் பேரினத்திலேயே பல தம்பிகள் மிச்சம் இருப்பார்கள். கோலா போனால் ஒரு இனம் மட்டும் போகாது. இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட ஒரு முழுக் குடும்பத்தின் கணக்கு அங்கேயே முடியும்.

வொம்பேட்களில் நிலைமை ரொம்ப மோசமாக இருப்பது வடக்கத்திய ரோமமூக்கு வொம்பேட்டுக்கு. அதன் அறிவியல் பெயர் 'லாசியோரைனஸ் கிரெஃப்டி'. ஆமாம், தைலகோலியோ விஷயத்தில் ஓவனோடு மல்லுக்கு நின்ற அதே கிரெஃப்ட்தான். வெல்லிங்டன் குகைகளில் கிடைத்த மண்டையோட்டுக்கு அவர் பெயரைச் சூட்டியவர், வேறு யாரும் இல்லை, ஓவன். கிரெஃப்டின் கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 1874-ல் அருங்காட்சியக நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்க, அவர் எழுந்து போக மறுக்க, உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

அவர் பெயர் தாங்கிய வொம்பேட், 1980-களின் தொடக்கத்தில் உலகம் முழுவதிலும் சுமார் 35 மட்டுமே மிஞ்சியிருந்தது. எல்லாமே குயின்ஸ்லாந்தின் எப்பிங் ஃபாரஸ்ட் என்ற ஒரே தேசியப் பூங்காவில். புல்லை மேய்ந்து தீர்த்த கால்நடைகளை வெளியேற்றி வேலி போட்டார்கள். 2000-ஐ ஒட்டி டிங்கோ என்ற காட்டு நாய்கள் உள்ளே புகுந்து சிலவற்றைக் கொன்றபோது, 2002-ல் பூங்காவில் அவற்றின் வாழ்விடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு நாய் புகாத வேலி எழுந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறி இப்போது 300-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தீயோ நோயோ வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாது என்பதற்காக 2009-ல் சிலவற்றைப் பிடித்து ரிச்சர்ட் அண்டர்வுட் காப்பிடத்துக்கு மாற்றினார்கள். 2024-ல் தெற்கு குயின்ஸ்லாந்தின் பௌரன்னா வனப்பகுதியில் மூன்றாவது இடம் தயாரானது. எப்பிங் ஃபாரஸ்டிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட வொம்பேட்கள் இப்போது அங்கே வளை தோண்டிக்கொண்டிருக்கின்றன.